எக்ஸ்பி மடிக்கணினிக்கு 180 வெள்ளியா?

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் மகன் ஆர்டுவினோ (புரோகிராம் எழுதி ஏற்றும் சிறு மின்னணு போர்டு) பழகக் கேட்கிறான். ஒருவர் விண்டோஸ் எக்ஸ்பி மடிக்கணினியை 180 வெள்ளிக்குத் தருகிறார். "சீரியல், பேரலல்னு பழைய காலத்து ரெண்டு போர்ட்டும் இருக்கு, சிப்புக்கு இதுதான் சரி" என்கிறார். வாங்கலாமா?
- ஈசூன் வாசகர்

பதில்: வேண்டாம். ஆர்டுவினோவில் ஊனோ என்ற போர்டுக்கு ஒரு யூஎஸ்பி போர்ட் போதும். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் கணினியிலேயே அது இருக்கும். 'விண்டேஜ்' என்று பேர் வைத்து விலையை ஏற்றுவது இப்போது ஒரு தொழிலாகிவிட்டது.

எக்ஸ்பி கணினி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஆர்டுவினோ மென்பொருளின் பழைய 1.0 வரிசை அதில் ஓடும். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே எக்ஸ்பியைக் கைகழுவிவிட்டதால் இணையத்தில் மட்டும் இணைக்க வேண்டாம்.

சீரியல் போர்ட்டிலிருந்து போர்டின் 0, 1 எண் ஊசிகளுக்கு (பின்) நேராக வயர் இழுக்க விடாதீர்கள். போர்டு 5 வோல்ட்டில் வேலை செய்வது. பழைய போர்ட்டில் பிளஸ், மைனஸ் 12 வோல்ட் வரை வரும். சிப் போய்விடும். நடுவில் வோல்ட்டை மாற்றித் தரும் மேக்ஸ்232 சிப் வேண்டும்.

பேரலல் போர்ட் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: சிப்பில் புரோகிராமை ஏற்றும் அந்தக் காலத்துப் புரோகிராமர் கருவி கையில் இருந்தால். மென்பொருள் போர்ட்டின் ஒவ்வொரு ஊசியையும் தானே ஏற்றி இறக்கும் என்ற கணக்கில் செய்த கருவி அது. "யூஎஸ்பி-பேரலல் கேபிள் போட்டா போதும்" என்பார்கள், நம்பாதீர்கள். அந்தக் கேபிளுக்குத் தெரிந்தது பிரிண்டருக்கு அச்சு அனுப்புவது மட்டும். தனித்தனி ஊசி அதன் பேச்சைக் கேட்காது. அசல் போர்ட்தான் வேண்டும். ஆனால் உங்களிடம் அந்தக் கருவியே இல்லையே! ஏவிஆர் சிப்பில் (ஊனோவில் இருக்கும் சிப் வகை) புரோகிராமை நேராக ஏற்ற இன்னொரு ஊனோ போர்டே புரோகிராமராக உதவும்.

போர்டு வாங்க ஜாலான் புசார் சிம் லிம் டவர் பக்கம் போங்கள். யூஎஸ்பி வழியாகக் கணினியோடு பேச சிஎச்340 சிப் உள்ள மலிவு போர்டு தாராளமாகப் போதும். அதே வேலையைச் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்பைக் காட்டி 'அசல் எஃப்டிடிஐ' என்று கூடுதல் காசு கேட்டால் நகருங்கள். 2014இல் அந்த நிறுவனத்தின் டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து போலி சிப்புகளைச் செயலிழக்க வைத்தது. போலி செய்தவன் தப்பித்தான். தெரியாமல் வாங்கியவனுக்கு அடி. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

செருகியும் கணினி போர்டைக் காணவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் செய்ய மட்டும் கொடுக்கும் கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது.