2025-26 பருவத்துக்கு இங்கிலாந்துக் கால்பந்துக் கழகமான ஆர்சனலிடம் இருக்கும் ஆட்கள் போதுமா?

இந்த முறை போதும் என்றுதான் சொல்வேன். பிரீமியர் லீக்கில் மூன்று பருவமாகத் தொடர்ந்து இரண்டாம் இடம், அதிலும் போன பருவம் முன்கள வீரர்கள் ஹவர்ட்ஸும் ஜேசுஸும் காயப்பட்டதும் நடுக்கள வீரர் மெரினோவை முன்னால் நிறுத்தி கோல் தேடிய கூத்தை ஹட்டன் குளிரில் போர்வைக்குள் சுருண்டுகொண்டு பார்த்தவன் நான். இப்போது கோல் அடிக்கும் முன்கள வீரர் யோகெரெஸ் வந்திருக்கிறார், போன பருவம் போர்த்துக்கல் லீக்கில் மட்டும் 39 கோல். (அங்குள்ள தடுப்பு வேறு, இங்கிலாந்து வேறு, சரி.) எனக்குப் பெரிய நிம்மதி புதிதாக வந்த நடுக்கள வீரர் சுபிமெண்டிதான். பார்ட்டேயும் ஜோர்ஜினியோவும் போனபிறகு பின்னாலிருந்து பந்தை நிதானமாக எடுத்துக்கொடுக்க ஆள் இல்லையென்றால் இன்னொரு நடுக்கள வீரர் ரைஸ் எப்படித் துணிந்து முன்னேறுவார்? சலீபா, கேப்ரியல் இருக்கும்வரை பின்வரிசையில் கவலையில்லை. அப்புறம் வலப்பக்க முன்கள வீரர் சாகா, போன பருவம் காயப்பட்ட அந்தத் தொடைத் தசை தாங்க வேண்டும். அதே பக்கம் ஆடும் மடுவேக்கேயை வாங்கியதும் அதற்காகத்தான் இருக்கும்.