10 எச்பி போட்டால் தண்ணீர் கூடுமா? பாலக்காட்டு எல்லையிலிருந்து வந்த பம்ப் கேள்விகள்

கேள்வி: தென்னை நார்க்கழிவைக் கழுவி உப்பு நீக்கும் யூனிட் நடத்துகிறோம். கிணற்றுத் திண்டில் இருந்த 5 எச்பி மோனோபிளாக்கை (மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாக இருப்பது) எடுத்துவிட்டு 7.5 எச்பி வைத்தோம். கரண்ட் பில் ஏறியது, தொட்டி நிறையும் நேரம் மட்டும் பெரிதாகக் குறையவில்லை. 10 எச்பி போடலாமா அண்ணா? பைப் 2 அங்குலம், 100 மீட்டர் நீளம். நீர்மட்டத்திலிருந்து தொட்டி வாய் வரை 18 மீட்டர். மணிக்கு 20,000 லிட்டர் வேண்டும். (கொழிஞ்சாம்பாறை)

பதில்: வேண்டாம். உங்கள் சிக்கல் மோட்டாரில் இல்லை, பைப்பில் இருக்கிறது. மணிக்கு 20,000 லிட்டர் 2 அங்குல பிவிசி வழியாகப் போனால், 100 மீட்டருக்கு உரசலிலேயே ஏறக்குறைய 16 மீட்டர் ஹெட் போய்விடும். ஹெட் என்றால் பம்ப் தண்ணீரைத் தள்ள வேண்டிய மொத்த உயரம், உரசலையும் உயரமாகவே கணக்கில் சேர்ப்போம். 18 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டிய பம்ப், பெண்டு, வால்வ் எல்லாம் சேர்த்தால் 36 மீட்டருக்கு உழைக்கிறது. அதே நீளத்தை 3 அங்குலமாக மாற்றினால் உரசல் இரண்டு மீட்டர் சொச்சம்தான்.

கணக்கை நீங்களே போடலாம். மணிக்கு எத்தனை கனமீட்டர் என்பதை மொத்த ஹெட்டால் பெருக்கி 367-ஆல் வகுத்தால் தண்ணீருக்குத் தேவையான கிலோவாட் கிடைக்கும். அதைப் பம்பின் திறனால் வகுங்கள். திறன் 50 சதவீதம் என்றே வைத்தாலும் 2 அங்குலத்தில் 5 எச்பிக்கு மேல் வேண்டும், 3 அங்குலத்தில் மூன்றேகால் எச்பி போதும். நீங்கள் கழற்றி வைத்த பழைய பம்பே இந்த வேலையைச் செய்திருக்கும். ஓட்டம் இரண்டு மடங்கானால் உரசல் கிட்டத்தட்ட நாலு மடங்காகும். எச்பியைக் கூட்டக் கூட்டப் பைப்தான் தின்னும்.

பைப் மாற்றிய அன்றைக்கே கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்ப்ஸ் பாருங்கள். ஹெட் குறைந்ததும் தண்ணீர் அதிகமாகத் தள்ளும், மோட்டாரும் அதிகக் கரண்ட் இழுக்கும். நேம் பிளேட்டில் உள்ளதைத் தாண்டினால் டெலிவரி பக்கத்து (தண்ணீர் வெளியேறும் பக்கத்து) கேட் வால்வைக் கொஞ்சம் மூடி அளவுக்குக் கொண்டுவாருங்கள். இனிமேல் பம்ப் வாங்கும்போது கடையில் எச்பியைச் சொல்லிக் கேட்காதீர்கள். எத்தனை மீட்டர் ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று கேளுங்கள், அதை வரைபடமாகக் காட்டும் அந்தப் பம்பின் கர்வ் தாளையும் வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கூலிங் டவர் பம்புக்குள் ஜல்லி உருளுகிற சத்தம் கேட்கிறது. பிரித்தால் கல் எதுவும் இல்லை. இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். (கஞ்சிக்கோடு)

பதில்: அது கேவிடேஷன். சக்ஷன் பக்கம், அதாவது பம்ப் தண்ணீரை இழுக்கும் பக்கம், அழுத்தம் மிகவும் விழுந்தால் தண்ணீர் அங்கேயே ஆவிக் குமிழாகிறது. இம்பெல்லரில் அழுத்தம் ஏறும் இடத்தில் அந்தக் குமிழ்கள் நொறுங்கி உலோகத்தைக் கொத்தி எடுக்கின்றன. இம்பெல்லரை மட்டும் மாற்றினால் புதியதும் இப்படியே ஆகும். முதலில் சக்ஷனில் உள்ள வடிகட்டியை (ஸ்ட்ரெய்னர்) கழுவுங்கள். சக்ஷன் வால்வ் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், ஓட்டத்தைக் குறைப்பதானால் டெலிவரியில்தான் குறைக்க வேண்டும். சக்ஷன் பைப்பை ஒரு சைஸ் பெரிதாக்கி, பம்ப் வாயில் பெண்டு வராமல் நேராகக் கொண்டுவாருங்கள். தண்ணீர் சூடாக ஆக இந்தத் தொல்லை கூடும். 60 டிகிரித் தண்ணீரில் ஆவியழுத்தமே 2 மீட்டர் ஹெட்டுக்குச் சமம், சக்ஷனில் அவ்வளவு கைவிட்டுப் போகும்.

கேள்வி: 7.5 எச்பி மோட்டாருக்கு அடிக்கடி காயில் (உள்ளே உள்ள கம்பிச் சுற்று) போய்விடுகிறது. ரீவைண்டிங் சரியில்லையா? ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்தான் (முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது), கரண்ட் மிகுந்தால் நிறுத்தும் ரிலே 11 ஆம்பியரில் இருக்கிறது. (வாளையார்)

பதில்: ரீவைண்டிங் செய்தவரைக் குறை சொல்லும் முன் ரிலேயைப் பாருங்கள். பெரும்பாலான ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்களில் ரிலே டெல்டாவுக்குள், மெயின் காண்டாக்டருக்கு (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) கீழே இருக்கும். அங்கே போவது லைன் கரண்டில் 58 சதவீதம்தான். நேம் பிளேட்டில் 11 ஆம்பியர் என்றால் ரிலே 6.4-இல் இருக்க வேண்டும். 11-இல் வைத்தால் மோட்டார் 19 ஆம்பியர் இழுக்கும் வரை ரிலே வாயே திறக்காது. அதற்குள் காயில் கருகிவிடும்.

அடுத்து, மூன்று பேஸிலும் வோல்டேஜ் எடுத்துப் பாருங்கள். 3 சதவீத வித்தியாசம் கரண்டில் 20 சதவீதம் வரை கொண்டுபோகும். ஒரு பேஸ் போனால் உடனே நிறுத்துகிற சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் இல்லாத பேனலை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. காயில் தாங்கும் சூட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இன்சுலேஷன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பழைய காயிலை எடுக்க, அது சுற்றியிருந்த இரும்புத் தகட்டுக் கட்டை (கோர்) தீயில் போட்டுச் சுட்டிருந்தால் அதன் தகடுகளும் கெட்டிருக்கும், சும்மா ஓடினாலே சூடாகும். உங்கள் மோட்டாருக்கு இன்னொரு ரீவைண்டிங் செலவு வேண்டாம். ஐஇ3 (அதிகத் திறன் தரம்) மோட்டார் வாங்குங்கள், அதை மாட்டும் முன் ரிலேயைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: பம்பின் கிளாண்டில் (சுழல் தண்டு வெளியே வரும் இடத்து அடைப்பு) தண்ணீர் சொட்டுகிறது. எவ்வளவு இறுக்கலாம்? (சித்தூர்)

பதில்: கயிறு போட்ட கிளாண்ட் சொட்டத்தான் வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு சரி. அந்தத் தண்ணீர்தான் கயிற்றையும் ஸ்லீவையும் (தண்டின் மேல் உள்ள உறை) குளிர்விக்கிறது, அடியோடு நிறுத்தினால் ஸ்லீவ் தேய்ந்துபோகும். மெக்கானிக்கல் சீல் போட்ட பம்ப் என்றால் சொட்டக்கூடாது, சொட்டினால் சீலை மாற்றுங்கள்.

கேள்வி: போர்வெல்லில் நன்றாக ஓடிய சப்மெர்சிபிளை எங்கள் மில்லின் அகலக் கிணற்றில் இறக்கினோம். மோட்டார் சூடாகி டிரிப் ஆகிறது. தண்ணீர் நிறையவே இருக்கிறது. (வேலந்தாவளம்)

பதில்: தண்ணீர் இருந்தால் போதாது, மோட்டார் உடம்பை உரசிக்கொண்டு ஓட வேண்டும். போர்வெல்லில் கீழிருந்து வரும் தண்ணீர் குறுகலான இடைவெளியில் மோட்டாரைக் கடந்துதான் பம்புக்குள் போகும். அகலக் கிணற்றில் பக்கவாட்டிலிருந்து நேராகப் பம்ப் வாய்க்குப் போய்விடுகிறது, மோட்டாரைச் சுற்றி அசைவே இல்லை. மோட்டாரைவிடச் சற்றுப் பெரிய பிவிசி பைப்பை உறையாகப் போடுங்கள். மேல் பக்கம் பம்ப் வாய்க்கு மேலே அடைத்திருக்க வேண்டும், கீழ்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும். அடிச்சேற்றில் படாமல் தூக்கியே தொங்கவிடுங்கள். இறக்கும் முன் மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீர் முழுக்க நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) இன்சுலேஷனும் அளந்துவிடுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் இறக்காதீர்கள்.