வடசேரி மாலையில கல்லு கறுத்தா என்ன செய்ய?

உங்க வடசேரி மாலையில கல்லு கறுத்துப்போச்சுன்னு குளச்சல்ல இருந்து எழுதிக் கேட்டிருக்கீங்க. பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊறப்போடாதீங்க. தங்கச் செயினுக்கு அது சரி. பட்டுச்சேலைக்கு வெச்சிருந்த பணத்துல நீங்க வாங்கின வடசேரி கோவில் நகைக்கு ஆகாது. நாகர்கோவில் வடசேரியில வெள்ளியில செஞ்சு, மேல தங்க ரேக்கு (மெல்லிசான தங்கத் தகடு) ஒட்டி, கெம்புக்கல் பதிச்ச உருப்படி அது. தண்ணி கல்லுக்கு அடியில போச்சுன்னா கல்லு மங்கும், பிடியும் விடும்.

கறுத்ததுக்குக் காரணம் அநேகமா வெள்ளிதான். காத்துல இருக்கிற கந்தகம் பட்டா வெள்ளி கறுக்கும். குளச்சல் ஈரக்காத்து அதை இன்னும் வேகப்படுத்தும். ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருந்தீங்களா? அதுலயும் கந்தகம் உண்டு.

ஒண்ணு பாருங்க. மாலையைத் திருப்பி வெச்சு, காய்ஞ்ச பருத்தித் துணியால பின்பக்கத்தை லேசா ஒத்துங்க. துணியில கறுப்பு ஏறினா மேலோட்டமான கறைதான். அடுத்து, டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சு கல்லைப் பாருங்க. நிழல் கல்லுக்கு உள்ளே தெரிஞ்சா, பிரிச்சுப் பதிக்கிற வேலை. அது ஆசாரி கையில விடவேண்டியது. பேஸ்ட், விபூதி எதையும் போட்டுத் தேய்க்காதீங்க, ரேக்கு உரிஞ்சிரும்.

வைக்கும்போது வெள்ளைப் பருத்தித் துணியில சுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட ஜிப் கவர்ல போடுங்க. சென்ட் அடிச்சு முடிச்ச பிறகுதான் மாலை கழுத்துக்கு வரணும்.

லாக்கர்ல வெச்சா கவலையில்லைன்னு எழுதியிருக்கீங்க. திருட்டு, தீ விபத்துன்னா வங்கியோட பொறுப்பு வருஷ வாடகையில 100 மடங்கு வரைக்கும்தான்; வெள்ளத்துக்கு அதுவும் கிடையாது. விற்கப் போனாலும் தங்க விலை எதிர்பார்க்காதீங்க, எடையில பெரும்பங்கு வெள்ளி.