முதுகில் ஊசி, மூன்றாம் நாள் தலைவலி

கேள்வி: முதல் பிரசவம் சிசேரியன். முதுகில் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாலே தலை வெடிப்பதுபோல் வலித்தது, படுத்தால் நின்றுவிடும். ‘தலையணை வைத்துப் படுத்தாய் இல்லையா, அதுதான்’ என்றார் மாமியார். ஒரு வாரத்தில் அது சரியாகிவிட்டது. முதுகுவலி மட்டும் நான்கு வருடமாக விடவில்லை. இப்போது ஏழாம் மாதம். இந்த முறையும் சிசேரியன்தான் என்கிறார்கள். முழு மயக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: ‘படுத்தால் நின்றுவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். அது ஊசியால் வந்த தலைவலிதான். தலையணை பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்டுவடத்தைச் சுற்றி ஒரு சவ்வுப் பை, அதற்குள் நீர். ஊசி போன ஓட்டை வழியாக அந்த நீர் கசிந்தால், நாம் எழும்போது மூளைக்குக் கீழே தாங்கல் குறைகிறது. மேலே உள்ள சவ்வுகள் இழுபடுகின்றன. தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தாலும் கசிவது கசியத்தான் செய்யும்.

இந்த ஊசியை உலகுக்குக் கொண்டுவந்த ஜெர்மன் டாக்டர் ஆகஸ்ட் பீர், 1898இல் தன் முதுகிலேயே உதவியாளரை விட்டுக் குத்தச் சொன்னார். சிரிஞ்சு சரியாகப் பொருந்தாமல் நிறைய நீர் வெளியே போய்விட்டது. ஒன்பது நாள் எழ முடியாமல் படுத்துக் கிடந்தார். எனக்கும் என் பெண் பிறந்தபோது நான்கு நாள் இதே கதை. அடுத்தவர் முதுகில் ஊசி போடுகிறவள், ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுத்தேன்.

நான் படித்த காலத்தில் 23 நம்பர் ஊசி. இப்போது 25, 27. நம்பர் கூடக் கூட ஊசி மெலிசு. பென்சில் முனை ஊசி சவ்வை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகிறது. அதனால் இந்தத் தலைவலி முன்னைவிட நன்றாகவே குறைந்துவிட்டது. வந்து தாங்க முடியாமல் போனால், உங்கள் கையிலிருந்தே 20 மில்லி வரை ரத்தம் எடுத்து, பழைய ஊசி போட்ட இடத்துக்கு அருகில், சவ்வுக்கு வெளியே செலுத்துவோம். அது உறைந்து ஓட்டையை அடைக்கும். பலருக்குச் சில மணி நேரத்திலேயே நிம்மதி. ஒன்று மட்டும் கவனம்: படுத்தாலும் விடாத தலைவலி, கண் மங்கல், பிரஷர் ஏறுவது, வலிப்பு என்றால் ஊசி மேல் பழி போட்டு வீட்டில் உட்காரக் கூடாது. பிரசவம் முடிந்த பிறகும் பிரஷரால் வலிப்பு வரலாம். உடனே ஓடுங்கள்.

முதுகுவலிக்கு வருவோம். குத்திய இடம் சில நாள் வலிக்கும், உண்மை. நான்கு வருட வலிக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. கர்ப்பத்தில் மூட்டுகளைப் பிடித்து நிறுத்தும் நார்கள் தளர்கின்றன. அப்புறம் குனிந்து பால் கொடுப்பது, இடுப்பில் பிள்ளையைத் தூக்கி வைப்பது. எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

முழு மயக்கம்? கேட்காதீர்கள் என்பேன். கர்ப்பத்தில் தொண்டை வீங்கியிருக்கும், மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவது சிரமம். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகக் குறைவு, ரத்தப்போக்கு கட்டுக்கடங்கவில்லை, குழந்தையை எடுக்க நிமிடம்கூட இல்லை – இப்படி இருந்தால் நாங்களே முழு மயக்கம் கொடுப்போம். ஸ்பைனல் என்கிற இந்த முதுகு ஊசியிலும் பிரஷர் இறங்கும், குமட்டும், நடுங்கும். பக்கத்திலேயே நிற்கிறோம், மருந்து கையில் இருக்கிறது. குழந்தை அழுவதையும் நீங்களே கேட்கலாம்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் பார்க்க வருவார். ‘போன தடவை ஊசித் தலைவலி வந்தது’ என்று முதலில் அதைச் சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் காட்டுங்கள். அன்று காலை மாமியார் பாசமாகக் காபி நீட்டினால் மட்டும் வாங்காதீர்கள். பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம். வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம்.