சத்தமாக வாசிக்கிறாள், கேட்டால் முழிக்கிறாள்

வாசகர் கேள்வி – பதில்

(3 முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் வாசித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி பற்றிச் செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.)

கேள்வி: என் மகள் 4-ம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைத் தங்குதடை இல்லாமல் வாசிக்கிறாள். முடித்ததும் “என்ன வந்துச்சு, சொல்லு” என்றால் முழிக்கிறாள். திரும்ப வாசிக்கச் சொன்னாலும் அப்படியேதான். கோளாறு எங்கே?
– ஒரு தாய், காரைக்குடி

பதில்: கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். பாடப்புத்தகம் வேண்டாம், அது காதில் விழுந்தே மனப்பாடம் ஆகியிருக்கும். அவள் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை எடுத்து, பாதியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், மீதியை அவள் வாசிக்கட்டும். ஒவ்வொரு பாதி முடிந்ததும் அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் வாசித்ததை நன்றாகச் சொல்லிவிட்டு, தான் வாசித்ததில் தடுமாறினால், எழுத்தைக் கூட்டுவதிலேயே அவள் கவனம் தீர்ந்துபோகிறது என்று பொருள். அப்போது நூறு சொல் எண்ணிக்கொண்டு பிழையைக் குறியுங்கள். ஐந்துக்குள் பிழை என்றால் அந்தப் பக்கம் அவளுக்குத் தோது. பத்தைத் தாண்டினால் பக்கம் கடினம். அதை வைத்துக் கேள்வி கேட்கவே கூடாது, எளிதான பக்கத்துக்குப் போங்கள்.

இரண்டு பாதியிலும் தடுமாறினால் சிக்கல் கண்ணில் இல்லை, மொழியில் இருக்கிறது. காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை வாசிக்கும் திறனையும் மொழியைப் புரியும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்புப் புரிதல். ஒன்று பூச்சியம் ஆனால் விடையும் பூச்சியம். இரண்டில் எது குறைவோ அதில்தான் உழைக்க வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. நம் பிள்ளைகள் பேசும் தமிழ் வேறு, புத்தகத்துத் தமிழ் வேறு. வாய் ஓடும், பொருள் பின்தங்கும். இந்த இரண்டு வாக்கியங்களை அவளிடம் கொடுத்துப் பாருங்கள்:

முத்து அழைத்த பையன் ஊருணிக் கரைக்கு ஓடினான்.
முத்துவை அழைத்த பையன் ஊருணிக் கரைக்கு ஓடினான்.

“கூப்பிட்டது யாரு? ஓடினது யாரு?” என்று கேளுங்கள். இரண்டிலும் ஓடியவன் பையன்தான். ஆனால் கூப்பிட்டவன் முதலாவதில் முத்து, இரண்டாவதில் அந்தப் பையன். நிறையப் பிள்ளைகள் முதலில் வரும் பெயரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் “முத்து” என்பார்கள். ஒரு ‘ஐ’ உருபு வாக்கியத்தையே திருப்பிப் போடுவதை அவர்கள் கவனிப்பதில்லை.

அடுத்தது நீள வாக்கியம்: “தோட்டத்துக்குள் புகுந்த மாட்டைக் கண்ட ஆச்சி, கையிலிருந்த முறத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்து, அதை விரட்டினார்.” அதை என்றால் எதை? முறத்தையா, கதவையா, மாட்டையா? பக்கத்தில் இருப்பது கதவு என்பதால் கதவு என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதுவரை எல்லாவற்றையும் மனத்தில் சுமந்துகொண்டே வர வேண்டும், நடுவில் ஏதாவது ஒன்று விழுந்துவிடும். அதனால் கடைசியிலிருந்து தொடங்குங்கள். விரட்டினார் – யார்? எதை? அதற்கு முன்னால் என்ன செய்தார்? பிறகு அதை ஐந்து சின்ன வாக்கியங்களாக உடைத்துச் சொல்லச் சொல்லுங்கள்: மாடு புகுந்தது, ஆச்சி பார்த்தார், முறத்தை வைத்தார், கதவைத் திறந்தார், மாட்டை விரட்டினார்.

‘உம்’ விகுதியையும் விடாதீர்கள். “மழை பெய்து ஊருணி நிரம்பியது”, “மழை பெய்தும் ஊருணி நிரம்பவில்லை” – இரண்டாவதை ஓட்டமாக வாசிக்கும் பிள்ளை அந்த ‘ம்’ஐ விழுங்கிவிடும். ஆகையால், இருந்தும், எனினும், இல்லாவிட்டால் என்ற சொற்கள் வரும் இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, “இனி என்ன வரப்போகுது?” என்று கேட்டுவிட்டு மேலே போங்கள். ஒரு நாளைக்கு இப்படி இரண்டு வாக்கியம், பதினைந்து நிமிடம் போதும். கூடுதலாக இழுத்தால் புத்தகத்தைப் பார்த்தாலே ஓடிவிடுவாள்.

கேள்வி: 5-ம் வகுப்பில் 32 பிள்ளைகள். பத்தியைக் கொடுத்தால் கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எழுதிவிடுகிறார்கள். விடையும் சரியாக இருக்கிறது. புரிந்ததா என்று மட்டும் தெரியவில்லை.
– ஓர் ஆசிரியை, குன்றக்குடி அருகே

பதில்: விடை சரியாக வந்தும் உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறதே, அது நியாயமான சந்தேகம். வரியைத் தேடி எழுதினால் போதும் என்பது போலக் கேள்வி அமைந்திருக்கிறது. கேள்வியை மாற்றினால் பிள்ளைகளும் மாறுவார்கள். அவர்கள் ஊர்ப்பக்கத்துப் பொருளான ஆத்தங்குடிக் கல்லை, அதாவது வீட்டுத் தரையில் பதிக்கும் பூ வேலைக் கல்லை, வைத்தே காட்டுகிறோம். இந்தப் பத்தியைக் கரும்பலகையில் எழுதுங்கள்:

“ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தட்டின்மேல் ஒரு சட்டத்தையும், அதற்குள் பூ வேலை அச்சையும் வைக்கிறார்கள். அச்சின் அறைகளில் வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை மெல்ல எடுத்தபின், அதன்மேல் மணலும் சிமென்ட்டும் கலந்த உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். இறுகியதும் கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கிறார்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த முகம் பளபளவென்று இருக்கும்.”

“அச்சின் அறைகளில் எதை ஊற்றுகிறார்கள்?” என்ற கேள்விக்கு விடை ஒரே வரியில் கிடக்கிறது. “ஒரு கல்லில் எத்தனை அடுக்கு?” என்றால் வண்ணம், உலர்ந்தது, ஈரமானது என்று இரண்டு மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும். “கல் வார்க்கும்போது பூ வேலை மேலே பார்த்து இருக்குமா, கீழே பார்த்து இருக்குமா?” என்று கேளுங்கள். இதற்குப் பத்தியில் எந்த வரியும் விடை சொல்லாது. வண்ணத்தைக் கண்ணாடியின்மேல் ஊற்றுகிறார்கள், மற்ற கலவை எல்லாம் அதன்மேல் வருகிறது, ஆகவே பூ கீழே பார்த்துத்தான் இருக்கும் என்று பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். “மரப்பலகை வைக்காமல் கண்ணாடி வைப்பது ஏன்?” என்பதும் இந்த வகைதான். “உங்கள் வீட்டில் என்ன தரை?” என்று கேட்டால் பத்தியை வாசிக்காமலே சொல்லிவிடலாம். பேச்சைத் தொடங்க அது நல்ல கேள்வி, புரிதலைச் சோதிக்க உதவாது. கேள்விகளை இப்படி நான்கு வகையாகப் பிரித்துப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கும் முறையை அமெரிக்கக் கல்வியாளர் டாஃபி ராஃபேல் 1980-களில் வகுத்தார். விடை சொல்லும் முன், “இது எந்த வகைக் கேள்வி?” என்று பிள்ளை சொல்ல வேண்டும் என்பதே அதன் உயிர்.

மூன்றாம் வகையில், அதாவது பிள்ளையே ஊகித்துச் சொல்ல வேண்டிய கேள்வியில்தான், வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் விடையை நாமே சொல்லிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பலகையில் மூன்று கட்டம் போடுங்கள்: பத்தி சொல்வது, எனக்குத் தெரிந்தது, அதனால் நான் ஊகிப்பது. முதல் இரண்டு கட்டமும் நிரம்பாமல் மூன்றாவதை ஏற்காதீர்கள். குருட்டாம்போக்கில் “கீழே” என்று சொன்ன பிள்ளை அங்கே மாட்டிக்கொள்ளும், யோசித்துச் சொன்ன பிள்ளைக்குத் தைரியம் வரும்.

40 நிமிடப் பாடவேளை என்றால், தலைப்பைப் பற்றிப் பேச 5 நிமிடம். பிறகு நீங்கள் ஒரு முறை வாசித்து, அவர்கள் இருவர் இருவராக ஒரு முறை வாசிக்க 10. ஒவ்வொருவராக எழுந்து நின்று ஆளுக்கு ஒரு வரி வாசிப்பது வேண்டாம். தன் வரி எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பத்தி காதிலேயே விழாது. கேள்விகளுக்கு 12, மீதி குழு வேலைக்கு.

குழு வேலைக்கு பாலின்சர், பிரவுன் ஆகியோர் 1984-ல் விளக்கிய முறை ஏற்றது. நால்வர் ஒரு குழு, உங்களுக்கு எட்டுக் குழு. ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார், ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் புரியாத சொல்லையும் வரியையும் எடுத்து வைப்பார், ஒருவர் சுருக்கிச் சொல்வார். சூட்டிகையான பிள்ளை நான்கு வேலையையும் தானே செய்யப் பார்க்கும். அதனால் பத்திக்குப் பத்தி வேலையை மாற்றிவிடுங்கள். அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (தேர்ந்த நிலை) என்று எல்லாக் கற்றல் நிலைப் பிள்ளைகளும் ஒரு குழுவில் கலந்திருக்கட்டும். எழுத்துக் கூட்டத் தடுமாறும் அரும்பு நிலைப் பிள்ளை, மற்றவர் வாசிக்கக் கேட்டுவிட்டு அருமையாகச் சுருக்கிச் சொல்வதைப் பார்க்கலாம்.

கேள்வி: மகனும் மருமகளும் சிங்கப்பூரில். 3-ம் வகுப்புப் பேரன் என்னிடம் வளர்கிறான். எனக்குப் படிப்பு அதிகம் இல்லை. நான் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?
– ஓர் அப்பத்தா, தேவகோட்டை

பதில்: நிறைய முடியும், ஆச்சி. நீங்கள் வாசிக்க வேண்டாம், அவன் வாசித்து உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் மூன்றே கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: “அப்புறம்?”, “எதுக்காக அப்படிச் செஞ்சான்?”, “அது உனக்கு எப்படித் தெரியும், காட்டு.” மூன்றாவது கேள்விக்கு அவன் விரலை வைத்து வரியைக் காட்ட வேண்டும். உங்களுக்கு உண்மையிலேயே தெரியாது என்பதால் அவன் அக்கறையாகச் சொல்வான்.

கதைப் புத்தகம் மட்டும் என்றில்லை. வீட்டுக்கு வரும் கல்யாண அழைப்பிதழைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீடு எந்த ஊர், பெண் வீடு எந்த ஊர் என்பது அதிலேயே இருக்கும். “முகூர்த்தத்துக்கு நாம எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” என்பதற்கு அவன் யோசிக்க வேண்டும்.

நீங்கள் அவனிடம் பேசுவதும் பாடந்தான். ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-ல் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், பேஸ்பால் ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத, நன்றாக வாசிக்கும் பிள்ளைகளைவிட அந்த ஆட்டம் பற்றிய பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டு பற்றிப் பத்தி வந்தால் நம் பிள்ளைக்கு அப்படித்தான். வளவு, முகப்பு, கொட்டான், கண்மாய், மடை என்று நீங்கள் சொல்லிக் காட்டும் ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு வரியைத் திறக்கும்.

கேள்வி: மகன் ஆங்கில வழி, 5-ம் வகுப்பு. பயிற்சிப் புத்தகம் வாங்கி தினமும் ஒரு பத்தி எழுத வைக்கிறேன். மதிப்பெண் ஏறவில்லை.
– ஒரு தந்தை, பள்ளத்தூர்

பதில்: தினமும் பரீட்சை வைப்பதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு இரண்டு பத்தி போதும். மற்ற நாள்களில் அவனுக்குப் பிடித்ததை வாசிக்கட்டும். ஆங்கிலப் பத்தியை வாசித்துவிட்டுத் தமிழில் பேசலாம், தவறில்லை. தமிழில் சொல்ல முடிந்தால் பொருள் புரிந்திருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதத்தான் சொல் இல்லை என்று பிரித்துத் தெரிந்துகொள்ளலாம். தவறான விடையைச் சிவப்பு மையால் அடிக்காமல், எந்த வரி அவனை அங்கே கொண்டுபோனது என்று கேளுங்கள். பாதி நேரம் ஒரே ஒரு சொல்லைத் தப்பாக எடுத்திருப்பான்.

கேள்வி: மையக் கருத்தை எழுதச் சொன்னால் என் பெண் முழுப் பத்தியையும் எழுதிவிடுகிறாள். அடிக்கோடு போடச் சொன்னால் எல்லா வரியிலும் போடுகிறாள்.
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: எது தேவை, எது தேவையில்லை என்று பிரிக்கத் தெரியாததால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறாள். பென்சிலை வாங்கி வைத்துவிடுங்கள். முதல் வாசிப்பில் கோடே வேண்டாம். முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு கேள்வி: இது எதைப் பற்றி? அதைப் பற்றி முக்கியமாக என்ன சொல்லுது? இரண்டு விடையையும் சேர்த்துப் பத்துச் சொல்லுக்குள் ஒரே வாக்கியம். விரல் விட்டு எண்ணட்டும்.

மேலே இருக்கும் ஆத்தங்குடிக் கல் பத்திக்கு, “ஆத்தங்குடிக் கல் அழகாக இருக்கும்” என்று எழுதினால் அது பத்தியின் கருத்து அல்ல. “கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைக்கிறார்கள்” என்பது ஒரு படி மட்டும். “ஆத்தங்குடிக் கல்லைச் சுடாமல், கண்ணாடியின்மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிறார்கள்” – எட்டுச் சொல், பத்தியின் எந்த வரியும் இதற்கு வெளியே போகவில்லை. இந்த மூன்றையும் அவள் முன்னால் வைத்து, எது பொருந்தும், மற்ற இரண்டும் ஏன் பொருந்தாது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். ஐந்தாறு பத்திகளுக்கு இப்படித் தேர்ந்தெடுக்க மட்டும் விடுங்கள். சொந்தமாக எழுதுவது அதற்குப் பிறகு.