விபிஎன், பிராக்ஸி தடுப்பு: இந்த முறை வந்த கேள்விகள்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் விபிஎன்னைப் பற்றியே, அதாவது போவதை மறைத்து வேறு சர்வர் வழியாக அனுப்பித் தடையைத் தாண்டும் வழியைப் பற்றியே. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

அலுவலக ஃபயர்வாலில் யூடியூபைத் தடுத்திருக்கிறேன். ஃபயர்ஃபாக்ஸில் வரவில்லை, குரோமில் மட்டும் ஓடுகிறது. ஏன்?

பெரும்பாலும் குயிக் (QUIC) தான் காரணம், வழக்கமான டிசிபிக்குப் பதில் யூடிபியில் ஓடும் புதிய இணைப்பு முறை. குரோம் வாய்ப்புக் கிடைத்தால் யூடிபி 443 (443 என்பது எச்டிடிபிஎஸ் தளங்களுக்கான போர்ட் எண்) வழியாகப் போய்விடும். உங்கள் ஃபயர்வால் டிசிபியை மட்டும் பிரித்துப் பார்க்கிறது. வெளியே போகும் யூடிபி 443ஐ மூடுங்கள். பிரவுசர் தானாகவே டிசிபிக்குத் திரும்பிவிடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படியும் ஓடினால் ஐபிவி6ஐ, அதாவது ஐபி முகவரியின் புதிய வகையைப் பாருங்கள். ரூல்கள் எல்லாம் ஐபிவி4க்கு மட்டும் எழுதப்பட்டு, இன்னொரு பக்கம் காவலே இல்லாமல் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

இன்காக்னிட்டோவில் போனால் ஃபில்டர் பிடிக்காது என்கிறார்களே?

பிடிக்கும். அந்தக் கணினியில் ஹிஸ்டரி தங்காது, அவ்வளவுதான்.

வீட்டில் பை-ஹோல் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸிலேயே தளங்களைத் தடுக்கும் ஃபில்டர்) வைத்திருக்கிறேன். மகனின் ஆண்ட்ராய்டு போனில் மட்டும் தடுத்த தளங்கள் எல்லாம் திறக்கின்றன.

செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கும், ஆண்ட்ராய்டு 9 முதல் உண்டு. அதில் வேறு சர்வர் பெயரை எழுதியிருப்பான். ரூட்டரில் பிரைவேட் டிஎன்எஸ் போகும் 853 போர்ட்டை மூடுங்கள். அவன் கைப்பட எழுதியது என்றால் வைஃபையில் நெட்டே வராது, அவனே உங்களிடம் வந்து நிற்பான். அடுத்து, சாதாரண டிஎன்எஸ் போர்ட்டான 53இல் வெளியே போகும் கேள்விகளை எல்லாம் பை-ஹோலுக்கே திருப்பிவிடுங்கள்.

மிச்சம் இருப்பது பிரவுசருக்குள் ஓடும் டிஎன்எஸ். அது சாதாரணத் தளம் போல 443இலேயே போவதால் போர்ட்டை மூட முடியாது. கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற பெரிய டிஎன்எஸ் சர்வர்களின் பெயரையும் ஐபியையும் தடுக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் தானாக இயக்கிக்கொள்வதை பை-ஹோல் ஒரு சோதனை டொமைன் மூலம் தடுத்துவிடும், ஆனால் மகன் கையால் இயக்கியிருந்தால் அது எடுபடாது.

எங்கள் கல்லூரி லேபில் மாணவர்கள் சைஃபன், அல்ட்ராசர்ஃப், இன்னும் என்னென்னவோ விபிஎன் பயன்படுத்துகிறார்கள். எல்லா விபிஎன்களின் ஐபி பட்டியலையும் அனுப்பினால் உதவியாக இருக்கும் சார்.

அனுப்ப மாட்டேன். அப்படி ஒரு பட்டியல் என்னிடம் இருந்தாலும் அனுப்ப மாட்டேன். சைஃபன் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபில் பிறந்தது. அரசாங்கங்களே போடும் தடையைத் தாண்டுவதற்கென்று எழுதிய மென்பொருள் அது. சர்வரையும் மாற்றும், பேசும் விதத்தையும் மாற்றும். அதை எக்ஸெல் ஷீட்டை வைத்துத் துரத்துகிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். தடைப் பட்டியலில் எக்கச்சக்கமான பெயர்கள். அதற்குக் கீழே கடைசி ரூல்: 'லேனிலிருந்து எங்கும், எல்லாம், அனுமதி'. அதாவது உள் நெட்வொர்க்கிலிருந்து யார் எங்கே போனாலும் தடையில்லை. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஃபயர்வால் பெட்டியில் இந்த ஒரு வரி. எனக்கு வரும் ஸ்கிரீன்ஷாட்களில் பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது. பெட்டியை மாட்டிவிட்டுப் போனவர் நெட் வருகிறதா என்று பார்க்கப் போட்டதாக இருக்கும். அவர் போய்விட்டார், வரி தங்கிவிட்டது.

அதை எடுத்துவிட்டு ஐந்தாறு ரூல் போதும். டிசிபி 80, 443 திறந்திருக்கட்டும். டிஎன்எஸ்ஸும் நேர ஒத்திசைவும் உங்கள் சர்வர் வழியாக மட்டும். மற்ற எல்லாம் தடை, லாகுடன் (என்ன போனது என்ற பதிவுடன்). வயர்கார்டின் 51820, ஓபன்விபிஎன்னின் 1194, ஐபிசெக்கின் 500, 4500, பிபிடிபியின் 1723 என்று விபிஎன் வகைகளின் வழக்கமான போர்ட்கள் எல்லாம் பெயர் சொல்லாமலே இதில் அடிபடும்.

ஆனால் முதலில் லாக், அப்புறம் தடை. ஓரிரு வாரம் அந்தப் பழைய 'எல்லாம் அனுமதி' ரூலை லாகுடன் ஓடவிட்டு என்னென்ன போகிறது என்று பாருங்கள். பார்க்காமல் மூடினால் திங்கட்கிழமை காலை வருகைப் பதிவு மெஷின் நிற்கும், முதல்வர் அறையிலிருந்து போன் வரும்.

443இலேயே ஒளிந்து போகிறவை மிஞ்சும். தள ஃபில்டரில் பிராக்ஸி (வேறு தளத்தைத் தன் வழியாகத் திறந்து காட்டுபவை) வகை, வகைப்படுத்தப்படாதவை, புதிதாகப் பதிவான டொமைன்கள் மூன்றையும் தடுங்கள். தளத்தின் பெயரே சொல்லாமல் வெறும் ஐபிக்குப் போகும் டிஎல்எஸ் (மறையாக்கப்பட்ட) இணைப்பையும் தடுங்கள். எந்த ஆப் என்று ஃபயர்வாலே அடையாளம் காணும் ஆப் கண்ட்ரோல் இருந்தால் இயக்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். லேப் கணினிகளில் மாணவருக்கு அட்மின் உரிமை எதற்கு? டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் பென் டிரைவிலிருந்தும் இஎக்ஸ்இ ஓடக்கூடாது என்று ஆப்லாக்கரில் (எது ஓடலாம் என்று தீர்மானிக்கும் விண்டோஸ் வசதி) போடுங்கள். குரோம் எக்ஸ்டென்ஷன்களை குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே விதி போடும் விண்டோஸ் வசதி) மொத்தமாகத் தடுத்து, தேவையானதை மட்டும் அனுமதியுங்கள். எக்ஸ்டென்ஷனாக வரும் விபிஎன்னுக்கு அட்மின் உரிமை தேவையில்லை என்பது மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கூகுள் டிரான்ஸ்லேட்டில் முகவரியைக் கொடுத்துத் தடுத்த தளத்தைப் படிக்கிறார்கள்.

பழைய வித்தை. அப்படித் திறக்கும் பக்கங்கள் 'டிரான்ஸ்லேட் டாட் கூக்' டொமைனின் கீழ் வரும். அதை மட்டும் தடுங்கள், சொற்களை மொழிபெயர்க்கும் வசதி அப்படியே இருக்கும்.

எச்டிடிபிஎஸ் இன்ஸ்பெக்‌ஷன் போட்டதிலிருந்து ஊழியர்களின் போனில் பேங்க் ஆப் திறக்கவில்லை.

திறக்காது, திறக்கவும் கூடாது. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஃபயர்வால் நடுவில் நின்று, தன் சர்டிஃபிகேட்டைக் காட்டி இணைப்பைப் பிரித்துப் பார்ப்பது. பல பேங்க் ஆப்கள் தங்கள் சர்டிஃபிகேட்டைத் தவிர வேறெதையும் ஏற்காது. ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் நிறுவிய சர்டிஃபிகேட்டை ஆப்கள் பொதுவாக நம்புவதுமில்லை. வங்கி, மருத்துவத் தளங்களை விலக்குப் பட்டியலில் போடுங்கள். ஊழியரின் சொந்த போனை விருந்தினர் வைஃபைக்கு மாற்றி, அங்கே டிஎன்எஸ் ஃபில்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலுவலகக் கணினிகளில் இன்ஸ்பெக்‌ஷன் போடுவதையும் எழுத்தில் அறிவித்துவிட்டுச் செய்யுங்கள். இங்கேயும் முதலில் லாக், அப்புறம் தடை.

ஐபோன்களில் பிரைவேட் ரிலே (பார்க்கும் தளத்தை மறைத்து அனுப்பும் ஆப்பிள் வசதி) ஃபில்டரைத் தாண்டுகிறது.

ஆப்பிள் இதற்கென்று அறிவித்திருக்கும் இரண்டு 'மாஸ்க்' டொமைன்களுக்கு, 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று உங்கள் டிஎன்எஸ் பதில் சொல்லட்டும். இந்த நெட்வொர்க்கில் ரிலேயை அணைக்கச் சொல்லி போனே கேட்கும்.

சார், ஃபில்டர் வேலை செய்யவில்லை. அவசரம்.

எந்த ஃபில்டர், எந்தக் கணினி, எந்தத் தளம், லாகில் என்ன வருகிறது? நான்கும் இல்லாத கடிதத்துக்கு நான்கு வரிக்கு மேல் எழுத முடியாது. ரூலை மாற்றும் முன் பேக்கப் எடுங்கள், அதுவும் செய்திருக்க மாட்டீர்கள்.

ஊழியர்கள் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அலுவலக லேப்டாப்பை இணைத்துக்கொண்டால்?

உங்கள் ஃபயர்வாலுக்கு அது தெரியவே தெரியாது. லேப்டாப் உங்களுடையது என்பதால், அலுவலக வைஃபை தவிர வேறெதிலும் சேரக்கூடாது என்று விண்டோஸ் பாலிசியில் போடலாம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை மட்டும் அதிலிருந்து விலக்குங்கள். அவர்கள் சொந்த போனில் சொந்த டேட்டாவில் எதைப் பார்த்தாலும் உங்களுக்கென்ன? விடுங்கள்.