கியூஆர் மாட்டியும் காசுதான் வருகிறது, ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை நடத்துகிறேன். கணவர் காலத்துக் கடை. பாதி வாடிக்கையாளர்கள் சுற்றுத் தோட்டங்களில் இருந்து வருபவர்கள். மகன் சொன்னான் என்று போன வருடம் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் டூயிட்நவ் கியூஆர் அட்டை வாங்கிக் கல்லாவில் வைத்தேன். தாமான் (பட்டணத்துக் குடியிருப்பு) பிள்ளைகள் ஸ்கேன் செய்கிறார்கள். தோட்டத்து ஆட்கள் இன்றும் காசுதான். இல்லையென்றால் 555 புத்தகத்தில், அதாவது கடன் எழுதும் சின்ன நோட்டில், எழுதச் சொல்கிறார்கள். "இந்தியாவில் இளநீர் விற்பவரே கியூஆரில் வாங்குகிறார். காசு வாங்குவதை நிறுத்துங்கள் அம்மா, எல்லாரும் தன்னால் மாறுவார்கள்" என்கிறான் மகன். நிறுத்தலாமா? மக்கள் எதற்காகத்தான் இதற்கு மாறுகிறார்கள்?

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. நிறுத்தினால் அவர்கள் கியூஆருக்கு மாற மாட்டார்கள், பக்கத்துக் கடைக்கு மாறுவார்கள்.

மகன் சொல்லும் இந்தியக் கதை பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அங்கே அறிவித்தார்கள். கையில் காசில்லாமல் மக்கள் கைப்பேசியைத் தேடினார்கள் என்பது உண்மை. புது நோட்டு புழக்கத்துக்கு வந்ததும் பலர் பழையபடி காசுக்கே திரும்பினார்கள். இளநீர்க் கடை வரை யூபிஐ (கைப்பேசியில் பணம் கட்டும் அவர்களுடைய முறை) போனது அதற்கு அப்புறம், வேறு காரணங்களால். 2016இலேயே ஜியோ என்ற கைப்பேசி நிறுவனம் வந்து டேட்டா விலை தரைமட்டத்துக்கு இறங்கியது. எந்த வங்கி, எந்தச் செயலி என்றாலும் ஒரே கியூஆர் போதும் என்றானது. 2020 ஜனவரியில் இருந்து கடைக்காரரிடம் யூபிஐக்குக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்றார்கள். நம் மலேசியாவிலும் 2020 ஜனவரியில் இ-துனாய் ரக்யாட் என்று மின்பணப்பையில் 30 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கும். இலவசப் பணம் செயலியை இறக்க வைக்கும். அது தீர்ந்த மறுநாளும் திறக்க வைக்க வேறு ஏதாவது வேண்டும்.

அந்த வேறு ஏதாவது என்ன என்பதுதான் ஆய்வாளர்கள் பல வருடமாகக் கேட்டுவரும் கேள்வி. 1989இல் ஃப்ரெட் டேவிஸ் என்பவர் புதுத் தொழில்நுட்பம் எதையும் மனிதர்கள் ஏற்பதை இரண்டு விஷயங்களில் அடக்கினார்: இது எனக்கு உதவுமா, இது எனக்குச் சுலபமா. 2003இல் விஸ்வநாத் வெங்கடேஷும் அவருடைய குழுவினரும், சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், தேவையான வசதி கையில் இருக்கிறதா என்பதையும் சேர்த்தார்கள். கைப்பேசிக் கட்டணம் பற்றி ஏழை நாடுகளில் நடந்த ஆய்வுகள் பலவும் இந்தச் சட்டகத்தைத்தான் எடுத்துக்கொண்டன. என் கணக்கில் இந்த நான்கும் சமமில்லை. ஒரு கஷ்டம் தீருமானால், சுலபமாக இல்லாததைக்கூட மனிதர்கள் கற்றுக்கொள்வார்கள்.

கென்யாவைப் பாருங்கள். 2007 மார்ச்சில் அங்கே எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை வந்தபோது பெரும்பாலானவர்களிடம் ஸ்மார்ட்போன் கிடையாது, இணையம் கிடையாது. பட்டன் போனில் மெனு மெனுவாக இறங்கி, எண்களைத் தட்டி அனுப்ப வேண்டும். இதில் என்ன சுலபம்? ஆனால் நைரோபியில் வேலை செய்கிறவன் கிராமத்தில் இருக்கும் தாய்க்குப் பணம் அனுப்ப அதுவரை பெரும்பாலும் பஸ்காரரிடமோ தெரிந்தவரிடமோ கொடுத்துவிட வேண்டியிருந்தது, போய்ச் சேர்ந்ததா என்று தெரிகிற வரை தூக்கம் வராது. அந்தக் கஷ்டம் ஒரே நாளில் தீர்ந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எம்-பெசாவை முதலில் சோதித்தது சிறு கடன் தவணை கட்டுவதற்கு. மக்கள் அதை வாங்கி ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். நிறுவனமும் சரி என்று 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்' என்பதையே விளம்பரமாக்கியது. வில்லியம் ஜாக், தவ்னீத் சூரி என்ற இரு பொருளியலாளர்கள் அந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். நோய், விளைச்சல் நட்டம் என்று அடி விழும்போது, எம்-பெசா இல்லாத வீடுகளில் வீட்டுச் செலவு சுருங்கியது. இருந்த வீடுகளில் அப்படிச் சுருங்கவில்லை, தூரத்து உறவுகளில் இருந்து பணம் வந்துவிட்டது. சுமார் 194,000 குடும்பங்கள் இதனால் வறுமையில் இருந்து மேலே வந்தன என்று 2016இல் அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இப்போது உங்கள் கல்லாவுக்கு வருவோம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்குச் சம்பளம் வங்கியில் விழுகிறது. அன்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்கு வருகிறார், ஏடிஎம்மில் வரிசை நின்று பெரும்பகுதியை எடுத்துவிடுகிறார். அப்புறம்தான் உங்கள் கடைக்கு வருகிறார். கையில் நோட்டு இருக்கிற மனிதருக்கு உங்கள் கியூஆர் எந்தக் கஷ்டத்தைத் தீர்க்கிறது? ஒன்றையும் இல்லை. சட்டைப் பையில் இருப்பது குறைவது கண்ணுக்குத் தெரியும், செயலியில் குறைவது தெரியாது. மனைவிமார் அரிசிப் பானையில் ஒளித்து வைக்கும் ஐம்பது வெள்ளிக்கும் செயலியில் இடமில்லை (அது சின்ன விஷயமில்லை என்று உங்களுக்கே தெரியும்). பழக்கத்தை விடாத பிடிவாதம் என்று மகன் நினைக்கலாம். நான் அதைக் கணக்குத் தெரிந்தவர்களின் முடிவு என்பேன்.

அதோடு ஒரு தடையும் இருக்கிறது. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க 2022இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளுக்குச் சில விதிகளைப் போட்டது: குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைக் கைவிட்டுச் செயலிக்குள்ளேயே ஒப்புதல் கொடுக்க வேண்டும், ஒரு கணக்குக்காரருக்கு ஒரு கருவிதான், புதிதாகப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் லயத்து வீட்டில் அப்பாவின் வங்கிச் செயலி இருப்பது பெரும்பாலும் மகளின் கைப்பேசியில். மகள் பாலிடெக்னிக் போனால் செயலியும் அவளோடு போய்விடும். அப்பாவிடம் மிஞ்சுவது ஏடிஎம் அட்டைதான். அட்டையைச் செருகி எண் அழுத்துவது அவருக்கு நன்றாகவே தெரியும். கியூஆரை மட்டும் நம்பாமல் அட்டை மெஷின் ஒன்றும் வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, கியூஆரை என்ன செய்வது? அதை 555 புத்தகத்தோடு சேருங்கள். உங்கள் பற்றுக் கணக்கில் இருக்கும் வீடுகளில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள் என்று புரட்டிப் பாருங்கள். தோட்டத்தில் இருக்கும் பாட்டிக்கு ஸ்கேன் செய்யத் தெரிய வேண்டியதில்லை, பேரனுக்குத் தெரிந்தால் போதும். மாதக் கடைசியில், பாட்டியிடம் கேட்டுக்கொண்டு, கணக்குப் பக்கத்தைப் படம் எடுத்து, கியூஆர் படத்தோடு பேரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பல செயலிகளில் கைப்பேசியில் சேமித்த கியூஆர் படத்தையே எடுத்துக் கட்டலாம், கடைக்கு நேரில் வரத் தேவையில்லை. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2023 நவம்பரில் இருந்து அங்குள்ள பேநவ்வுக்கும் நம் டூயிட்நவ்வுக்கும் இணைப்பு இருக்கிறது. தோட்டத்தில் இருக்கும் தாயின் கைப்பேசி எண்ணை டூயிட்நவ்வில் பதிந்திருந்தால் அந்த எண்ணுக்கே அனுப்பலாம். தூரத்தில் இருக்கும் பிள்ளை, வீட்டில் இருக்கும் தாய், நடுவில் ஒரு கடை: கென்யாவில் பிடித்துக்கொண்டதும் இந்த முக்கோணம்தான். உங்கள் பழைய கடனும் வசூலாகும்.

அரசாங்க உதவியும் இன்னொரு வாசல். 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் எல்லாருக்கும் சாரா என்ற அடிப்படைப் பொருள் உதவியில் 100 வெள்ளி மைகாட்டிலேயே வந்ததே, அதைக் காசாக எடுக்க முடியாது, பதிவு செய்த கடையில் பொருளாகத்தான் வாங்க வேண்டும். அது கைப்பேசி இல்லை, வெறும் அடையாள அட்டை. இருந்தாலும் காசில்லாமல் சாமான் வாங்கிய அனுபவம் முதியவர்களுக்குக் கிடைத்தது. சாரா கடையாகப் பதிய உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

முதல் தடவை கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாக நேரில் போய்ப் பங்கு சேர்த்தார்கள். துண்டறிக்கையைப் படித்துவிட்டா தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தார்கள்? தெரிந்த முகம் வந்து கேட்டதால் கொடுத்தார்கள். பணம் போய் எங்காவது மாட்டிக்கொண்டால் யாரிடம் கேட்பது என்பதுதான் அவர்களுடைய பயம். 'என்னிடம் கேளுங்கள்' என்று நீங்கள் சொன்னால் போதும். பெரும்பாலான செயலிகளில் மலாயும் ஆங்கிலமும்தான் என்பதால், கடையில் தமிழில் சொல்லிக்கொடுக்க ஒரு பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது.

கட்டணம் பற்றி உங்கள் வங்கியில் நேராகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 2023 கடைசியில் டூயிட்நவ் கியூஆருக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வரப்போகிறது என்றதும் பெரிய சலசலப்பு எழுந்தது. பிறகு பல வங்கிகள் சிறு வியாபாரிகளுக்குத் தள்ளுபடி செய்தன. அது வங்கிக்கு வங்கி வேறுபடும். வருமான வரிக்குத் தெரிந்துவிடும் என்ற தயக்கமும் இருக்கலாம். 2025 ஜூலையில் பெங்களூருவில் யூபிஐ கணக்கை வைத்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி (விற்பனை வரி) நோட்டீஸ் போனதும், பலர் 'காசு மட்டும்' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். கடைக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் அனுப்பும் வீட்டுப் பணமும் வியாபாரப் பணமும் கலக்க வேண்டாம்.

ஏமாற்று வேலை எப்படி நடக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கூட்ட நேரத்தில் ஒருவர் தன் கைப்பேசித் திரையைக் காட்டி "கட்டியாச்சு" என்பார். அது நேற்றைய ரசீதின் படமாக இருக்கும். அவர் திரையைப் பார்க்காதீர்கள், உங்கள் செயலியில் பணம் வந்த அறிவிப்பைப் பாருங்கள். இந்தியக் கடைகளில் தொகையைச் சத்தமாகச் சொல்லும் சின்ன ஒலிப்பெட்டி பரவியது இதற்காகத்தான், உங்கள் வங்கியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். காலையில் கடை திறந்ததும் கியூஆர் அட்டை மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, நீங்களே ஒரு முறை ஸ்கேன் செய்து உங்கள் கடைப் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் யாருக்காவது பணம் பறிபோய்விட்டால் மறுநாள் வரை காத்திருக்க விடாதீர்கள், உடனே அவருடைய வங்கிக்கோ தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கோ உங்கள் கடைப் போனில் இருந்தே அடிக்கச் சொல்லுங்கள்.